வண்டித் திருட்டைத் தடுக்கும் மறைவு சுவிட்ச்: எந்த வயரில், எங்கே, எப்படி?

மோட்டார் சைக்கிளில் நிறுவனம் கொடுக்கும் சைடு லாக், சாவி வைத்திருப்பவரின் நேர்மையை நம்பிச் செய்யப்பட்ட ஏற்பாடு. பழகிய திருடனிடம் அது சில நொடிகள்கூடத் தாங்குவதில்லை. அதன் பிறகு சாவித் துவாரம் செய்யும் வேலையை வெளியிலிருந்தே செய்துகொள்ள அவனுக்குத் தெரியும். ஆகவே வண்டி கிளம்புவதற்கு இன்றியமையாத ஏதாவது ஒரு மின்னிணைப்பை, சாவியோடு தொடர்பில்லாத வேறொரு இடத்தில், நமக்கு மட்டும் தெரிந்த சுவிட்ச் ஒன்றால் துண்டித்து வைப்பதே மறைவு சுவிட்சின் வேலை. செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் திருடனை நிறுத்துகிற அதே துண்டிப்பு, நாம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது தானாக ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். என் பழைய வண்டியில் ஒருவர் பொருத்திக் கொடுத்த சுவிட்சின் இணைப்பு, இரண்டு வயர்களை முறுக்கி மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியதாக மட்டுமே இருந்தது. திண்டிவனத்தைத் தாண்டி அடைமழையில் வரும்போது எஞ்சின் திடீரென நின்றது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. ஓரம் கட்டிப் பிரித்துப் பார்த்தபோது டேப்பின் பசை இளகி, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, இரண்டே இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எதையும் என் வண்டியில் விட்டுவைத்ததில்லை.

எந்த வயரைத் துண்டிப்பது என்பதில்தான் வேலையின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது. அதற்கு முதலில் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையான மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாத, எரிபொருளை இன்ஜெக்டர் வழியாகச் செலுத்தும் வண்டிகள். அவற்றில் பெட்ரோல் டேங்குக்குள் மின்சாரப் பம்பு ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடிகள் டேங்கிலிருந்து கேட்கும் மெல்லிய ரீங்காரம் அந்தப் பம்பினுடையதுதான். நாம் துண்டிக்க வேண்டியது இந்தப் பம்புக்குப் போகும் மின்சாரத்தை.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைத் துண்டித்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் பொறி இல்லாவிட்டாலும் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சைலன்சருக்குள் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து நாளடைவில் அதைக் கெடுத்துவிடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வுக்குப் போகும் முதன்மை மின்சாரத்தையும், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் மெல்லிய சிக்னல் வயர்களையும் தொடவே கூடாது. செல்ஃப் மோட்டார் ரிலேயைத் துண்டிப்பது பாதுகாப்பான வேலைதான், ஏனென்றால் ஓடுகிற எஞ்சின் அதனால் நிற்காது. ஆனால் கிக்கர் உள்ள வண்டியை உதைத்தும், இல்லாத வண்டியைத் தள்ளியும் கிளப்பிவிடலாம் என்பதால் அது திருட்டைத் தடுப்பதில்லை.

பழைய கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் பல 100 சிசி வண்டிகளில் பிளக்கில் பொறியைத் தூண்டும் சி.டி.ஐ. பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும். சாவியை அணைக்கும்போது நடப்பது துண்டிப்பு அல்ல, சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு வயர் பாடியோடு சேர்ந்து எர்த் ஆகிறது, அதனால் எஞ்சின் நிற்கிறது. இந்த வயரின் நடுவே சுவிட்ச் வைத்துத் துண்டித்தால், திருடனுக்குப் பாதி வேலையை நாமே முடித்துக் கொடுத்ததாகிவிடும். எனவே இவ்வகை வண்டியில் சி.டி.ஐ. பெட்டிக்கு மிக அருகிலேயே அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, மறைவு சுவிட்ச் வழியாகப் பாடியில் எர்த் செய்ய வேண்டும். சாவிப் பக்கத்தில் என்ன வெட்டினாலும் எர்த் அப்படியே இருக்கும். இதில் இன்னொரு நன்மை, நம் இணைப்பு அறுந்தே போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் சி.டி.ஐ. உள்ள வண்டியாக இருந்தால், சாவியிலிருந்து சி.டி.ஐ.க்கு வரும் 12 வோல்ட் வயரின் நடுவே சுவிட்சை வைக்கலாம். இரண்டில் எது என்பதை வயரிங் படத்தைப் பார்த்தோ, மல்டிமீட்டர் வைத்து அளந்தோ உறுதி செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் அது மாறுகிறது.

இனி இன்ஜெக்டர் வண்டிக்கான வேலையை விரிவாகச் சொல்கிறேன். டேங்கின் அடியில் பம்புக்குப் போகும் வயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்று இருக்கும். அதே கப்ளரில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் வயர்களும் வரும் என்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாவியை அணைத்த நிலையில் கப்ளரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னையும் தொட்டு, ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பின்னில் 12 வோல்ட் தோன்றி இரண்டு மூன்று நொடிகளில் மறைகிறதோ அதுவே பம்பின் பிளஸ். சில வண்டிகளில் சாவி போட்டதிலிருந்து பிளஸ் நிலையாக நிற்கும், மைனஸ் பக்கத்தை இ.சி.யூ. கட்டுப்படுத்தும், அங்கே வயரிங் படம் இல்லாமல் முடிவு செய்ய வேண்டாம்.

நிறுவனத்தின் வயரை வெட்டுவதை நான் ஏற்பதில்லை. வெட்டினால் வாரண்டிக்குச் சிக்கல் வரும் என்பது ஒரு காரணம். டேங்கின் பக்கத்தில் சால்டரிங் இரும்பைச் சூடாக வைத்துக்கொண்டு வேலை செய்ய நேரும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பெட்ரோல் ஆவி எங்கே தேங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதே வகை ஆண், பெண் கப்ளர்களை வாங்கி, நடுவில் புகும் ஓர் இணைப்பு வயரை வீட்டு மேசையிலேயே முழுவதும் செய்து முடித்துவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு சுவிட்ச், ஸ்லீவ் போன்றவை ரிச்சி தெருவிலும், கப்ளர் வகைகள் வண்டி உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். மற்ற எல்லா வயர்களும் நேராகப் போக, பம்பின் பிளஸ் மட்டும் சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வரும்படி அமையுங்கள். வயர் 1 சதுர மில்லிமீட்டர் பல இழை வயராக இருக்கட்டும். டெர்மினலை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சுவிட்சின் கால்களில் சால்டர் செய்து, ஒவ்வொன்றின் மேலும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். சுவிட்சில் 250 வோல்ட் என்று எழுதியிருப்பது வீட்டு மின்சாரத்துக்கான அளவு. 12 வோல்ட் டி.சி.யில் 10 ஆம்பியர் தாங்கும் என்று குறிப்பிட்டதை, ரப்பர் மூடியோடு கேட்டு வாங்குங்கள்.

பொருத்துவதற்கு முன் 10 நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சின் இடம், வண்டியில் உட்கார்ந்தபடியோ பக்கத்தில் நின்றபடியோ குனிந்து தேடாமல் விரல் எட்டுகிற இடமாகவும், எதிரே நிற்பவருக்கு நம் கை அங்கே போவது இயல்பாகத் தெரிகிற இடமாகவும் இருக்க வேண்டும். டேங்கின் கீழ் விளிம்பு, சைடு பேனலின் உட்புறம், சீட்டின் அடிவிளிம்பு என்று ஒவ்வொரு வண்டியிலும் நான்கைந்து இடங்கள் அமையும். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை யாரிடமும் காட்ட வேண்டாம், படமும் பகிர வேண்டாம். சுவிட்சின் கால்கள் கீழ் நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது. வயரை சிலிண்டர், சைலன்சர் பக்கம் கொண்டுபோகாமல், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உரசாமல், ஏற்கெனவே உள்ள வயர்க் கட்டோடு சேர்த்து டை போட்டுக் கட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பழைய கறுப்புக் கட்டின் நடுவே பளபளக்கும் புதுச் சிவப்பு வயர் ஓடினால், சைடு பேனலைக் கழற்றியவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். கறுப்பு வயரையே வாங்கி, பழைய கட்டில் உள்ளதைப் போன்ற டேப்பைச் சுற்றி, மேலே கொஞ்சம் தூசியும் படியவிட்டால் அது பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததைப் போலத் தோன்றும்.

மைனஸை மாட்டிய பின் சோதனை. சுவிட்ச் அணைந்திருக்கையில் சாவியைத் திருப்பினால் ரீங்காரம் கேட்கக் கூடாது. செல்ஃப் அடித்தால் மோட்டார் சுற்றும். குழாயில் மீந்திருக்கும் அழுத்தத்தால் எஞ்சின் சில நொடிகள் ஓடி நிற்கவும் கூடும். அது பழுதல்ல. பெட்ரோல் தீர்ந்த வண்டி என்று திருடன் நினைத்துக்கொள்வான் என்பதால் நமக்கு அது நல்லதுதான். சில வண்டிகளில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியலாம். சுவிட்சைப் போட்டு, பம்பு ஓடும்போது சுவிட்சின் இரு கால்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.2 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ இணைப்பு தளர்வு. பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பியும், வயரை மெல்ல அசைத்தும் எஞ்சின் தடுமாறுகிறதா என்று பாருங்கள். முதல் ஒரு வாரம் ஊருக்குள் மட்டும் ஓட்டி, ஒருமுறை வாட்டர் சர்வீஸும் செய்து பார்த்த பிறகே நெடுந்தூரம் எடுத்துப் போங்கள்.

வண்டியை அப்படியே தூக்கி மினி லாரியில் ஏற்றிப் போகிறவனை இந்தச் சுவிட்ச் தடுக்காது. இரவு முழுவதும் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கனமான சங்கிலியும் வேண்டும். அதையும் அசையாத இரும்புக் கம்பி எதனோடாவது சேர்த்துப் பூட்ட வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது சுவிட்சை வண்டி கிளம்புகிற நிலையிலேயே விடுங்கள். வீட்டில் அந்த வண்டியை ஓட்டுகிற மற்றவருக்கு மட்டும் இடத்தைக் காட்டி, இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை போட்டு அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.