அல்ட்ராவைட் வாங்கலாமா, சாதாரண மானிட்டரே போதுமா?

கடையில் அல்ட்ராவைடை, அதாவது வழக்கத்தைவிட அகலமான 21:9 (அகலம்:உயரம்) திரையைப் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடும். பணத்தை எடுக்கும் முன், போன மூன்று மாதத்தில் நீங்கள் நிஜமாகவே விளையாடிய கேம்களை ஒரு தாளில் எழுதுங்கள். தள்ளுபடியில் வாங்கித் தொடாமல் கிடப்பவை கணக்கில் சேராது.

தாளில் முதலில் இருப்பது வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் என்றால், அதிக ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும் என்பது) உள்ள சாதாரண 16:9 மானிட்டரை வாங்கிவிட்டுப் போங்கள். ஒருவருக்கு மட்டும் பக்கவாட்டில் அதிகம் தெரியக்கூடாது என்று அந்த கேம் கூடுதல் காட்சி எதையும் தருவதில்லை. எல்டன் ரிங்கில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டைதான் (மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்பு போட்டு ஏமாற்றலாம், அது வேறு விஷயம்). பிஎஸ்5-ஐயும் அதே மானிட்டரில் மாட்டப் போகிறீர்களா? அதற்கும் 21:9 வராது. ஆனால் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, ஃபோர்ஸா ஹொரைசன் 5, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்று ஓட்டுகிற ஆள் என்றால் கதையே வேறு. பக்கக் கண்ணாடியும் ஜன்னலும் தலையைத் திருப்பாமலே தெரியும்போது பழைய திரைக்குத் திரும்ப மனசு வராது.

அப்புறம் அளவு. 34 அங்குலம் என்றதும் எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், அதன் உயரம் 27 அங்குல சாதாரண மானிட்டரின் உயரம்தான், சுமார் 33 செ.மீ. அகலம்தான் 60-லிருந்து 80 செ.மீ. ஆகிறது. அந்த அளவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி மேசையில் நிறுத்திப் பாருங்கள், ஸ்பீக்கர் எங்கே போகும் என்று அப்போதே தெரிந்துவிடும். விலை குறைவு என்று 29 அங்குல அல்ட்ராவைட் பக்கம் மட்டும் போகாதீர்கள். உயரத்தில் அது 23 அங்குல மானிட்டர், எனக்கு அது தபால் பெட்டி ஓட்டை வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டையும் கேளுங்கள். 2560×1440 என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல், 3440×1440 என்றால் சுமார் 50 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. இப்போதே நொடிக்கு 60 ஃபிரேமுக்குத் (படத்துக்குத்) திணறுகிற கார்டு என்றால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். 4கே இதைவிட மோசம், 83 லட்சம் பிக்சல்.

வாங்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கையில் 4கே டிவி இருந்தால், கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் 3840×1600 என்று புதிய ரெசல்யூஷன் உருவாக்கி, ஸ்கேலிங்கை (படத்தைத் திரை முழுக்க இழுப்பதை) நிறுத்திவிடுங்கள். மேலும் கீழும் கருப்பாகி நடுவில் அல்ட்ராவைட் வடிவம் கிடைக்கும். ஒரு வாரம் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, வாங்கிவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். பழைய எச்டிஎம்ஐ 2.0-இல் 3440×1440 சுமார் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கொடுத்த காசு வீண்.