கட்டியை வெட்டும் முன்: சார்கோமா வகைகளை அடையாளம் காணும் முறை

உடலில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி போன்ற தீங்கற்றவையே. எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு, இரத்தக்குழாய் ஆகிய திசுக்களில் எழும் புற்றுநோயான சார்கோமா, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். அரிதாக வருவதாலேயே அது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. சாதாரணக் கட்டி என்று வெட்டி எடுத்த பிறகு ஆய்வக அறிக்கையைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. இந்நோயில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்த வயதில், எந்த இடத்தில், எவ்விதமாக வளர்கிறது என்று கேட்டுப் பார்ப்பதே நடைமுறைக்கு உதவும்.

முதலில் கட்டியைத் தொட்டுப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருப்பது, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே வருவது, தசைக்குள் ஆழமாக அமைந்திருப்பது, முன்பு அகற்றிய இடத்திலேயே மறுபடி தோன்றுவது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்த இடத்துத் தசையை இறுக்கும்போது அதுவரை நகர்ந்த கட்டி அசையாமல் நின்றுவிட்டால், அது ஆழத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். வலிக்கவில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் எழும் சார்கோமாக்களில் பல, பெரிதாகும் வரை வலிப்பதே இல்லை.

எலும்பில் நிலைமை நேர்மாறானது. அங்கே வலிதான் முதல் அறிகுறி. பதின்வயதுப் பிள்ளைக்கு முழங்காலை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும், ஓய்வெடுத்தாலும் தணியாமல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி வாரக்கணக்கில் நீடித்தால் எலும்புச் சார்கோமாவான ஆஸ்டியோசார்கோமாவை நினைக்க வேண்டும். தொடை எலும்பின் கீழ்முனையும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை செல்லும் பெரிய எலும்பின் மேல்முனையும் அது விரும்பித் தங்கும் இடங்கள். விளையாட்டில் விழுந்த அடிதான் காரணம் என்று குடும்பத்தார் நம்புவது வழக்கம். அடி நோயை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதன் மீது கவனத்தைத் திருப்புகிறது, அவ்வளவே. எண்ணெய் தடவி நீவுவதிலும் கட்டுப் போடுவதிலும் மாதங்களைக் கழிப்பதைவிட, செலவு குறைந்த ஓர் எக்ஸ்ரேயை அன்றே எடுத்துவிடுவது மேல்.

யூயிங் சார்கோமாவும் பெரும்பாலும் பிள்ளைகளையும் இளைஞர்களையுமே தாக்குகிறது. ஆனால் இடுப்பெலும்பு, விலா, நீண்ட எலும்புகளின் நடுப்பகுதி ஆகியவற்றிலும் அது தோன்றும். காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வருவதால் எலும்பில் சீழ் பிடித்ததாக எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு. நாற்பதைக் கடந்தவருக்கு இடுப்பிலோ தோளிலோ மெதுவாக வளர்வது குருத்தெலும்புச் சார்கோமாவான காண்ட்ரோசார்கோமாவாக இருக்கக்கூடும். அதன் வழக்கமான வகை கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் கட்டுப்படாது என்பதால் அறுவைச் சிகிச்சையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

மென்திசு வகைகளில், கொழுப்புத் திசு சார்ந்த லிபோசார்கோமா தொடையிலும் வயிற்றின் பின்புறத்திலும் வளரும். வயிற்றில் இடம் தாராளமாக இருப்பதால், மிகப் பெரிதாகும் வரை அது வெளியே தெரியாமலும் போகலாம். உள்ளுறுப்புகளின் மென்தசை சார்ந்த லியோமயோசார்கோமா கருப்பையிலும் வரும். சைனோவியல் சார்கோமா இளைஞர்களுக்கு மூட்டுகளின் அருகே ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வதால் தீங்கற்றதென்று ஏமாற்றிவிடும். குழந்தையின் கண் திடீரெனப் பிதுங்கினால் காரணங்களுள் தசை சார்ந்த ரேப்டோமயோசார்கோமாவும் ஒன்று. முதியவரின் உச்சந்தலையில் ஆறாமல் பரவும் கன்றிய தடம் இரத்தக்குழாய்ச் சார்கோமாவான ஆஞ்சியோசார்கோமாவாக இருக்கலாம்; மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற இடத்திலும் சில ஆண்டுகள் கழித்து அது வரக்கூடும். எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் தோலில் காணும் ஊதா நிறத் திட்டுகள் கபோசி சார்கோமாவை நினைவூட்ட வேண்டும்.

சந்தேகம் எழுந்த பிறகு பரிசோதனைகளின் வரிசை மாறக் கூடாது. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகுதான் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் பரிசோதனையில் வகையைத் தீர்மானிக்கும் அளவுக்குத் திசு பெரும்பாலும் கிடைக்காது; தடித்த ஊசியால் துண்டுகளாக எடுப்பதே வழக்கம். இறுதி அறுவையைச் செய்யப்போகும் மருத்துவரே ஊசி நுழையும் வழியையும் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் அந்த வழியில் புற்றணுக்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் அதையும் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கலாம். கைகால்களில் திறந்து எடுக்க நேர்ந்தால் கீறல் நெடுக்கு வாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே கீறினால் பின்னர் அகற்ற வேண்டிய பரப்பு விரிந்துவிடும். இந்நோய் இரத்தத்தின் வழியே பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவுவதால், சிகிச்சை தொடங்கும் முன் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எடுக்கப்படும்.

கட்டி ஏற்கெனவே அகற்றப்பட்டு, அறிக்கையில் சார்கோமா என்று வந்திருந்தால், ஆய்வகத்திலிருந்து, அகற்றிய திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளையும் ஸ்லைடுகளையும் பழைய ஸ்கேன் படங்களையும் வாங்கிக்கொண்டு, சார்கோமாவுக்குத் தனிக் குழு உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே அவற்றை மறுபடி ஆராய்ந்து, அதே இடத்தில் இரண்டாவது அறுவை தேவையா என்று முடிவு செய்வார்கள்.