ஆர்க்கிட் பந்தலுக்கு இரண்டு அடுக்கு வலை

கொல்லையில் ஆர்க்கிட் பந்தல் போடும்போது 75 சதவீத நிழல்வலைக்குப் பதில் 50 சதவீத வலையை ஓர் அடி இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். மேல் வலையைச் சுருட்டி வைக்கிற மாதிரி கொக்கியில் மாட்டுங்கள். முதல் வலை பாதி வெளிச்சத்தைத் தடுக்கும், மிச்சத்தில் பாதியை அடுத்தது. சித்திரை வெயிலுக்கு அந்தக் கால்பங்கு வெளிச்சம் சரி. ஐப்பசி, கார்த்திகை மூடாப்பில் அதே நிழல் இருந்தால் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் இலையாகத் தழைக்கும், பூக்காது. அப்போது மேல் வலையைச் சுருட்டிவிடலாம். வலைக்குக் கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் பருவத்துக்கொரு வலை வாங்க வேண்டாம். நடு இடைவெளியில் காற்று ஓடுவதால் சூடும் தங்காது. ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இது தேவையில்லை. அதற்கு ஆண்டு முழுக்க அடர்நிழல்தான்; ஒரே 75 சதவீத வலை போதும்.