இணையதளத்துக்கான படங்களைச் சுருக்கும் முறை

கைபேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000 பிக்சல் (படத்தை ஆக்கும் நுண்புள்ளி) அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது. ஆனால் கட்டுரையின் நடுவே அது 800 பிக்சல் அகலத்தில்தான் தோன்றப்போகிறது என்றால், மிகுதியான பிக்சல்களை எல்லாம் வாசகர் தம் டேட்டாவைச் செலவழித்து வீணாகவே இறக்கிக்கொள்கிறார். ஆகவே முதலில் படத்தின் அகல உயர அளவைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே கோப்பைச் சுருக்க வேண்டும்.

மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலை இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்ப்பில் (GIMP) திறந்து, அகலத்தை 1600 பிக்சலாக மாற்றுங்கள். தோன்றும் அகலத்தைப் போல் இருமடங்கு வைப்பது, பிக்சல் அடர்த்தி மிகுந்த திரைகளிலும் படம் தெளிவாக இருப்பதற்காகத்தான். அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறி இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் முகங்கள் நசுங்கிவிடும்.

படத்தைக் கோப்பாக ஏற்றுமதி (Export) செய்யும்போது, ஒளிப்படங்களுக்கு ஜேபெக் (JPEG) வடிவத்தைத் தேர்ந்து, தரத்தை நூற்றுக்கு 75 முதல் 80 வரை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. எழுத்துகள் நிறைந்த திரைப்பிடிப்புகளுக்கு (ஸ்கிரீன்ஷாட்) இது பொருந்தாது: எழுத்தின் ஓரங்களில், குறிப்பாகத் தமிழ் எழுத்துகளின் வளைவுகளிலும் புள்ளிகளிலும், அழுக்குப் படிந்தாற்போன்ற கறை தோன்றும் என்பதால் அவற்றுக்குப் பிஎன்ஜி (PNG) வடிவமே உகந்தது. ஜேபெக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் தரம் குறைந்துகொண்டே போகும். மாற்றம் வேண்டுமானால் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.