கார்நிறுத்துமிட மாடியிலிருந்து ஒரு மங்கலான வால்நட்சத்திரத்தை உறுதிசெய்வது

எனக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே எந்த எண்ணையும் நம்புவதற்கு முன், ஒன்றுமே இல்லாத வெறும் மாதிரி ஒன்றையும் கருவிக்குள் விடுவோம். அதிலும் ஏதோ இருக்கிறது என்று கருவி சொன்னால், கோளாறு நோயாளிக்கு இல்லை. மங்கலான வால்நட்சத்திரம் தேடுவதிலும் நான் இதைத்தான் செய்கிறேன். கிடைத்த புள்ளியை எப்படியாவது பொய்யாக்கப் பார்ப்பேன். முடியாமல் போனால்தான் பதிவேட்டில் எழுதுவேன்.

இடம், சுவா சூ காங்கில் எங்கள் புளோக்குக்கு அடுத்த பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம். 2016இல் வெளியான இரவு வான ஒளி உலக வரைபடத்தில் ஒளி மாசு மிக அதிகமான நாடு சிங்கப்பூர்தான். இங்கே கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாது. ஆக, மங்கலான வால்நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், கேமராதான் வழி. என்னுடையது 8 அங்குலத் தொலைநோக்கி, குவியத்தூரம் 800 மி.மீ. கேமராவின் ஒரு பிக்சல் 3.75 மைக்ரான். பிக்சல் அளவை 206.265ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 1 ஆர்க்செகண்ட், அதாவது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. உங்கள் கருவிக்கும் இந்தக் கணக்கை முதலில் போட்டு வையுங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

நம் ஊரில் ஒரு தனித் தலைவலி உண்டு. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் பொருத்த வேண்டும். அதுவோ இங்கே அடிவானத்தை ஒட்டி ஓரிரு டிகிரி உயரத்தில்தான். எதிர் புளோக்கில் காயும் துணிக்குப் பின்னால் எங்கோ இருக்கும். சில மவுண்டுகளின் உயரத் திருகு அவ்வளவு கீழே இறங்கவும் இறங்காது. அதனால் நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தும் முறைதான் கைகொடுக்கும். அரை மணி நேரம் ஆகும். அலுத்துப்போய் அரைகுறையாக விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படமெடுப்பது எளிது. வால்நட்சத்திரம் நிமிடத்துக்கு 1 ஆர்க்செகண்ட் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 வினாடிப் படத்தில் அரைப் பிக்சல்தான் நகரும், கோடாக இழுக்காது. அப்படி 40 படம். அவற்றை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக, நட்சத்திரத்தோடு பொருத்தாமல், வால்நட்சத்திரம் நகரும் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்பத் தள்ளித் தள்ளி அடுக்க வேண்டும். இரைச்சலுக்கு எதிராக ஆறு மடங்குக்கு மேல் ஆதாயம், அதாவது சுமார் 2 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) கூடுதல் ஆழம். நட்சத்திரங்கள் 20 பிக்சல் கோடுகளாக நீளும், நடுவில் ஒரு சின்னப் பஞ்சு உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பஞ்சைக் கண்டதும் மனசு துள்ளும். அங்கேதான் கவனம்.

அதே 40 படங்களை இப்போது நட்சத்திரத்தோடு பொருத்தி அடுக்குங்கள். பஞ்சு அப்போதும் அதே இடத்தில் இன்னும் கூர்மையாக நின்றால் அது நகராத பொருள், பெரும்பாலும் தூரத்து கேலக்ஸி. அலாதின் மென்பொருளில் அதே இடத்தின் பழைய வான ஆய்வுப் படங்களைத் திறந்தால் தெரிந்துவிடும். வெட்கப்பட வேண்டாம். 1758இல் வால்நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் மெசியே நண்டு நெபுலாவில் ஏமாந்துதான், வால்நட்சத்திரம் போல ஏமாற்றும் பொருள்களின் தன் பட்டியலையே தொடங்கினார்.

அடுத்து, வேண்டுமென்றே தவறான நகர்வுகளைக் கொடுத்து நாலு அடுக்கு செய்யுங்கள். திசையை எதிராக, வேகத்தை இரட்டிப்பாக, இப்படி. இதுதான் என் வெறும் மாதிரி. அவற்றில் எதிலாவது அதே அளவு அழகான பஞ்சு முளைத்தால், உங்கள் படத்தின் இரைச்சலே பஞ்சு செய்கிறது என்று அர்த்தம். நான் இன்னும் ஒரு படி போவேன். ஐந்து படங்களையும் மகளிடம் கொடுப்பேன். அவள் டுரியான், ரம்புத்தான், கொய்யா என்று கோப்புகளுக்குப் பெயர் மாற்றித் தருவாள். எது சரியான அடுக்கு என்று தெரியாமல் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். கொய்யாவைக் கைகாட்டி மாட்டிக்கொண்ட இரவுகள் உண்டு. எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த கண் எதையும் பார்த்துவிடும்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒருமுறை ஏமாந்தேன். வியாழனுக்குச் சற்று அப்பால் சுற்றிக்கொண்டு, அவ்வப்போது திடீரென்று பொங்கிப் பிரகாசமாகும் 29பி ஷ்வாஸ்மன்-வாக்மன் என்ற வால்நட்சத்திரம் அன்றைக்கு இலக்கு. கணித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சு. நட்சத்திரத்தோடு பொருத்தினால் மறைகிறது. தவறான நகர்வில் கலைகிறது. முன்பாதிப் படங்களிலும் பின்பாதியிலும் தனித்தனியாகத் தெரிகிறது. படத்தை அனுப்பியதும், லிம் சூ காங் பக்கம் எங்களோடு வந்து படமெடுக்கும் அண்ணன் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: “கேமராவைத் திருப்பிப் பார்த்தியாம்மா?”

திருப்பவில்லை. அன்றைக்கு மவுண்டைச் சரியாகப் பொருத்தாததால் வானம் கேமராவின் மேல் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. அந்த நழுவலும் வால்நட்சத்திரத்தின் நகர்வும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. சென்சாரில் எப்போதும் எரியும் ஒரு ஹாட் பிக்சல் ஒவ்வொரு படத்திலும் சரியான இடத்தில் விழுந்து, கூடிக் கூடிப் பஞ்சாகிவிட்டது! சென்சாரோடு ஒட்டிய பொய் எந்த அடுக்குச் சோதனையையும் தாண்டிவிடும். அதைப் பிடிக்க, பாதிப் படங்களுக்குப் பிறகு கேமராவை 90 டிகிரி திருப்புங்கள், அல்லது சில படங்களுக்கு ஒருமுறை தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மூடி போட்டு எடுத்த இருட்டுப் படத்தைக் கழிப்பதும் அவசியம்.

வால் தெரிகிறது என்று தோன்றினால், அது எந்தப் பக்கம் நீள்கிறது? வால்நட்சத்திரம் எப்போது எங்கே இருக்கும் என்று கணித்துத் தரும் எபிமெரிஸ் பட்டியலில் சூரியனுக்கு எதிர்த்திசைக் கோணம் கிடைக்கும். வால் பொதுவாக அந்தப் பக்கம்தான் போகும். நகரும் திசையிலேயே நீண்டால், பின்னால் மறைந்திருக்கும் நட்சத்திரக் கோட்டைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு அளப்பது. படங்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஆஸ்ட்ரோமெட்ரிகா போன்ற மென்பொருளில் கையா விண்கலம் அளந்த நட்சத்திரப் பட்டியலை வைத்து மூன்று இடங்களை அளக்கவும். எபிமெரிஸ் கணித்த இடங்களோடு அதற்குப் பின்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஓர் ஆர்க்செகண்டுக்குள் இருந்தால் நிம்மதி. மூன்றுமே நகர்வுத் திசையில் ஒரே அளவு பிசகியிருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில், படங்களின் நடுக்கணத்துக்குக் கணக்கிட வேண்டும். நமக்கு 8 மணி நேரம் கழிக்க வேண்டும், தேதியும் மாறும். 12ஆம் தேதி காலை 5 மணிக்கு எடுத்தது 11ஆம் தேதி 21 மணி. இதை மறந்து ஒரு முழு நாள் தள்ளி எழுதியிருக்கிறேன். பிரகாசம் மட்டும் கணிப்போடு ஒத்துப்போகவில்லை என்று பயப்படாதீர்கள், வால்நட்சத்திரங்களின் பிரகாசக் கணிப்பு ஒன்றிரண்டு மேக்னிட்யூட் தவறுவது சகஜம்.

தெரியாத பொருள் என்றால், சிறுகோள், வால்நட்சத்திரப் பதிவுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் தேடல் பக்கத்தில் அந்த இடத்தில் தெரிந்த சிறுகோள் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் அடுத்த இரவு வேண்டும். மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் இங்கே அடுத்த இரவு என்பது அடுத்த மாதமாகக்கூட இருக்கலாம். அதனால் அன்றே இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தொகுதி எடுத்துவிடுவேன். நிமிடத்துக்கு 1 ஆர்க்செகண்ட் என்றால் அதற்குள் 120 பிக்சல் தள்ளிப் போயிருக்க வேண்டும். மலேசியாவில் மெர்சிங் பக்கம் போகிற யாரையாவது கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதுவும் தேறவில்லை என்றாலும் பதிவை வெறுமையாக விடாதீர்கள். அதே அடுக்கில் சந்தேகமின்றித் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் மேக்னிட்யூடைக் குறித்து, ‘தென்படவில்லை, இதைவிட மங்கல்’ என்று எழுதுங்கள். பஞ்சு நட்சத்திரத்தைவிடப் பரந்து தெரியும் என்பதால் நான் அதில் அரை மேக்னிட்யூட் குறைத்தே எழுதுவேன். என் பதிவேட்டில் 29பிக்கு நேரே, அடித்துவிட்ட ஒரு வரிக்குக் கீழே, இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது.