மாத்திரை கொடுத்தோம், எடை கூடியது: பள்ளித் திட்டங்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஊர்ப் பள்ளிக்குச் செலவு செய்ய யாரும் தயங்குவதில்லை. அறக்கட்டளைகளும், முன்னாள் மாணவர்களும், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தங்களும் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, ரத்தசோகை முகாம், சத்துமாவு என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பணத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் இடத்தில்தான் அறிக்கைகள் சறுக்குகின்றன.

பெரிய தவறு, திட்டத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பது. ஜூனில் எடை பார்க்கிறோம், மார்ச்சில் மறுபடி பார்க்கிறோம், கூடியிருக்கிறது. ஆனால் 11, 12 வயதில் பிள்ளைகள் சும்மாவே கிடுகிடுவென வளர்வார்கள். சத்துமாவு கொடுக்காத பக்கத்துப் பள்ளியிலும் எடை கூடியிருக்கும். ரத்தசோகைக் கணக்கு இன்னும் சிக்கலானது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 5 முதல் 11 வயது வரை 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12 வயது ஆனதும் அந்த எல்லை 12 கிராம். 11.7 இருக்கும் பெண் 6ஆம் வகுப்பில் நலமானவள். மறு வருஷம் அதே 11.7 இருந்தால் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவாள். வயதைக் குறிக்காத அறிக்கையில் இது தெரியவே தெரியாது.

மாலை வகுப்பிலும் இதே கதைதான். முதல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைப் பொறுக்கிச் சேர்த்தால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியவர்களாக இருப்பார்கள். அடுத்த தேர்வில் தானாகவே ஏறுவார்கள்.

இதற்கு வழி உண்டு. எல்லாப் பள்ளிக்கும் இந்த வருஷமே கொடுக்கப் பணம் போதாது என்றால், சீட்டுக் குலுக்கிப் பாதிப் பள்ளிகளில் இப்போதும் மீதியில் அடுத்த வருஷமும் தொடங்கலாம். காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பிட உதவும். யார் மீதும் குறை வராது. பூச்சி மாத்திரை விஷயத்தில் ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரோடு ஒப்பிடவே கூடாது. கென்யாவின் புசியா பகுதியில் 1998இல் 75 பள்ளிகளில் தொடங்கிய ஆய்வில், மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் தொற்று குறைந்தது. சுற்றி இருப்பவர்களிடம் புழு குறைந்தால் மண்ணிலும் குறையும் அல்லவா? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசே அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுப்பதையும் கணக்கில் வையுங்கள். இல்லையென்றால் அதன் பலன் உங்கள் பெயரில் ஏறிவிடும்.

கொடுத்ததை எண்ணிவிட்டு உட்கொண்டதாக எழுதுவது அடுத்த தவறு. வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அன்று அத்தனை பேருக்கும் டிக் விழுந்திருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும். அதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சத்துணவு முடிந்த கையோடு, ஆசிரியர் கண் முன்னால் தண்ணீரோடு விழுங்கியதை மட்டும் எண்ணுங்கள்.

கடைசி அளவீட்டுக்கு நாள் குறிக்கும்போது ஊர்க் காலண்டரைப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் போயிருப்பார்கள். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுக்கும் வீடுகளில் விரதச் சாப்பாடு. அன்று வராதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் அளந்தால் முடிவு அழகாகத்தான் இருக்கும். அடிக்கடி வராத பிள்ளை, அப்பாவோடு வேலைக்குப் போய்விட்ட பிள்ளை, படிப்பை நிறுத்திய பிள்ளை ஆகியோருக்காகத்தானே திட்டமே? வீடு தேடிப் போய் அவர்களையும் சேருங்கள். வினாத்தாளை, வகுப்பு எடுத்தவரே திருத்தாமல் வேறு பள்ளிக்காரர் திருத்தட்டும்.

ஹீமோகுளோபின் அளவை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். அந்த வயதுப் பெண்பிள்ளை கூனிக் குறுகிப் போவாள், அடுத்த முகாமுக்கு வரவும் மாட்டாள். தாளில் எழுதிப் பெற்றோரிடம் தனியே கொடுங்கள். 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ரத்தசோகை; அறிக்கை முடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.