'இகிரு' பார்த்துவிட்டு வாதாடுவது எப்படி?

"படம் சூப்பர்", "ரொம்ப ஸ்லோப்பா". பெரும்பாலான திரையிடல்களில் பேச்சு இந்த இரண்டோடு முடிந்துவிடும். இரண்டும் ரசனை, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் கதையை ஏன் இந்த வரிசையில் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்கப் பேசலாம். அதற்குப் பழகிக்கொள்ள ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952) தோதான படம். கீழே கதை முழுக்க வருகிறது. பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள், 2 மணி 23 நிமிடம்தான்.

படி 1: கதை முறியும் இடத்தைப் பிடியுங்கள்

வாட்டனபே, நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவர். முத்திரை குத்தியே காலத்தை ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய். கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு, சாக்கடைக் குட்டையை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா கட்டித் தரச் சொல்லிப் பெண்கள் கொடுத்த பழைய மனுவைக் கையில் எடுக்கிறார். இனி மனிதர் களத்தில் இறங்கப்போகிறார் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துவிட்டதாகப் பின்னணிக் குரல் சொல்கிறது. அடுத்த காட்சி, துக்க வீட்டில் அவருடைய புகைப்படம். படத்தில் இன்னும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கிறது!

விவாதத்தை இங்கே தொடங்குங்கள். நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் பிறகு.

படி 2: அதே கதையை நேராக எழுதிப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம், சம்பவங்கள் நடந்த வரிசை: மனுவை எடுக்கிறார், ஒவ்வொரு துறையாக ஏறி இறங்குகிறார், ரவுடிகள் மிரட்டுகிறார்கள், துணை மேயர் முன்னால் மசியாமல் நிற்கிறார், பூங்கா முடிகிறது, பனியில் ஊஞ்சலாடுகிறார், இறக்கிறார். வலப்பக்கம், படம் சொல்லும் வரிசை.

இடப்பக்கத்தை மட்டும் படமாக்கினால் என்ன கிடைக்கும்? கைதட்டல் வாங்கும் வெற்றிக் கதை. வலப்பக்கத்தில் முதலில் வருவதோ, பூங்கா யாரால் வந்தது என்ற தகராறு. வாட்டனபேவுக்குப் பெரிய பங்கு இல்லை என்று துணை மேயர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குடியிருப்புப் பெண்கள் வந்து ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள். ஒருவர்கூட வாதம் செய்யவில்லை. அதிகாரிகளுக்கு நெளிவதைத் தவிர வேறு வழியில்லை. மேலதிகாரிகள் கிளம்பிப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு சாக்கே என்ற ஜப்பானிய மது உள்ளே இறங்கி, நாக்கு அவிழ்கிறது.

இப்படி ஒரு மாற்று வரிசை கையில் இல்லாமல் "வரிசை அருமை" என்று சொன்னால், அது பாராட்டு, வாதம் அல்ல.

படி 3: யாருக்கு எப்போது என்ன தெரியும்?

படத்தின் முதல் ஷாட் எக்ஸ்ரே. நோய் அவருக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரிகிறது. டாக்டர் வெறும் புண் என்கிறார். ஆனால் காத்திருக்கும் இடத்தில் இன்னொரு நோயாளி, டாக்டர்கள் இப்படித்தான் பொய் சொல்வார்கள் என்று முன்கூட்டியே புட்டுப் புட்டு வைத்துவிட்டார். மகனுக்குக் கடைசிவரை தெரியாது. துக்க வீட்டில், தனக்குப் புற்றுநோய் என்று வாட்டனபேவுக்குத் தெரிந்திருக்குமா என்று சக ஊழியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விடையோடு உட்கார்ந்திருப்பது நாம் மட்டும்தான். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்பது இங்கே கேள்வியே இல்லை. இவர்களுக்கு எப்போது உறைக்கும் என்பதுதான் கேள்வி. துக்க வீட்டுக் காட்சி நீளம் என்று குறை சொல்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

படி 4: எதிர்த்தரப்பை ஒழுங்காகப் பேசுங்கள்

எதிர்த்தரப்பும் பலமானதுதான். வாட்டனபேவாக நடித்த தகாஷி ஷிமுராவின் முகத்தோடு அவ்வளவு நேரம் ஒட்டவைத்துவிட்டு, முக்கியமான கட்டத்தில் அதைப் பிடுங்கிக்கொள்வது நியாயமா? குடித்தவர்கள் சொன்னதையே சொல்வதை எவ்வளவு நேரம் கேட்பது?

என் கட்சி: முறித்தது சரி. அவர் ஊஞ்சலில் பாடியதைக்கூட, குடிகாரர் என்று நினைத்து விட்டுவிட்ட ஒரு போலீஸ்காரர் வந்து சொல்லித்தான் தெரிகிறது. குற்ற உணர்ச்சியோடு வந்து சேரும் அந்தக் காட்சி, நேர்வரிசையில் வந்திருந்தால் வெறும் சோகமாகிப் போயிருக்கும். எனக்கு உறுத்துவது தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரல். இந்த மனிதர் வாழவே இல்லை என்று அது வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மேசைமேல் குவிந்த காகிதமே போதும்.

படி 5: இயக்குநரின் மனதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

"குரோசவா இப்படித்தான் நினைத்தார்" என்றால் எடுபடாது. திரைக்கதையில் ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிதேயோ ஒகுனி ஆகியோரும் உண்டு. சாட்சி திரையில் இருக்க வேண்டும். கூடுதல் சாட்சி வேண்டுமென்றால் 2022இல் வந்த ஆங்கில மறு ஆக்கம் 'லிவிங்' பாருங்கள். கசுவோ இஷிகுரோவின் திரைக்கதையும் நாயகன் இறந்த பிறகு பின்னோக்கித்தான் போகிறது. ஆனால் சக ஊழியர்கள் ரயில் பெட்டியில் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் சுருக்கமாக. எது வலுவானது என்பதே ஒரு நல்ல தலைப்பு.

முதல் கூட்டத்துக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: படம் ஊஞ்சலோடு முடிந்திருக்க வேண்டுமா? இனி வாட்டனபே மாதிரி உழைப்போம் என்று போதையில் சபதம் போட்டவர்கள், மறுபடி அலுவலகத்தில் ஒரு மனுவை வேறு துறைக்குத் தள்ளுகிறார்கள். அவர்களில் கிமுரா என்ற ஊழியர் மட்டும் விருட்டென்று எழுந்து, எல்லோரும் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து காகிதக் குவியலுக்குப் பின்னால் மறைகிறார். அந்தக் காட்சி வேண்டும் என்று ஒரு அணி, வேண்டாம் என்று ஒரு அணி. பாதி நேரத்தில் அணிகளைப் பக்கம் மாறச் சொல்லுங்கள்.